‘என்ன வாங்கட்டும்?’ என்று கேட்கும் சொந்தக்காரரிடம் என்ன சொல்வது

கேட்டவர் ஒரு தாய். அவர் எழுதியதன் சுருக்கம் இது: அடுத்த மாதம் மகனுக்கு எட்டு வயது முடிகிறது. அண்ணன், நாத்தனார், எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா என்று ஒவ்வொருவராக “பையனுக்கு என்ன வாங்கட்டும்?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். போன பிறந்தநாளுக்கு “எதுவானாலும் சரி” என்று சொல்லிவைத்ததில் ஒரே மாதிரி ரிமோட் கார் மூன்று வந்தது. நான்கு சட்டைகளில் மூன்று தோளில் பிடித்தது. பையன் இப்போது கீபோர்டு கேட்கிறான். இதுதான் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லலாமா? பேராசை என்று நினைத்துவிட்டால்? கேட்காத பெரியவர்களிடம் நாமாகவே சொல்லலாமா? சொல்லியும் வேறு எதையாவது கொண்டுவந்து நீட்டினால்?

கேட்டவர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். கேட்காதவர்களிடம் பேச்சையே எடுக்காதீர்கள். சுருக்கமான பதில் இவ்வளவுதான். ஆனால் எப்படிச் சொல்வது என்பதில்தான் உறவுகள் முகம் சுளிப்பதும் சுளிக்காததும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த “எதுவானாலும் சரி”. அதை நாம் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். வாங்கப் போகிறவரின் பக்கம் நின்று பாருங்கள். உங்கள் அண்ணன் வேலை முடிந்து வரும் வழியில் பொம்மைக் கடைக்குள் நுழைகிறார். கூரை வரை அடுக்கிவைத்த பெட்டிகள். மருமகனுக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது; தெரியாததால்தானே உங்களிடம் கேட்டார். கடைப் பையன் வந்து “எத்தனை வயசு சார்?” என்கிறான். “எட்டு.” “அப்ப இதுதான் சார் இப்ப ஓடுது” என்று ஒரு ரிமோட் காரை எடுத்து நீட்டுகிறான். அடுத்த நாள் உங்கள் நாத்தனார் வேறொரு கடையில் அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லி அதே காரை வாங்குகிறார். மூன்று கார் வந்தது தற்செயல் இல்லை. மூன்று பேரிடமும் இருந்த ஒரே தகவல் ‘வயது’ மட்டும்தான், அந்தத் தகவலுக்குக் கடைக்காரர்களிடம் இருப்பது ஒரே பதில்.

அதனால் ஒருவர் மனதாரக் கேட்கும்போது “ஒண்ணும் வேண்டாம்”, “எதுவானாலும் ஓகே” என்று சொல்வது அவருடைய சுமையைக் குறைப்பதில்லை. யோசிக்கும் வேலை முழுவதையும் திருப்பி அவர் தலையிலேயே வைக்கிறோம். என்னைக் கேட்டால், அதுதான் கொஞ்சம் மரியாதைக் குறைவு.

பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993ல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க மாணவர்களிடம் அவர்களுக்கு வந்த பண்டிகைப் பரிசுகளைப் பற்றிக் கேட்டுக் கணக்குப் போட்டதில், கொடுத்தவர் செலவழித்ததைவிட வாங்கியவர் மதிப்பிட்டது பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்தது. பணமாகத் தராமல் பொருளாகத் தந்ததில், நண்பர்களும் காதலர்களும் தந்தவற்றில் இழப்பு குறைவு. தள்ளியிருக்கும் சொந்தக்காரர்கள் தந்தவற்றில்தான் அதிகம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பொருளின் மேல் இருக்கும் பாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் அவர் இந்தக் கணக்கைப் போட்டார். பாட்டி பின்னிக் கொடுத்த ஸ்வெட்டருக்குக் கடை விலை போடுவது பொருளாதார அறிஞர்களுக்கே உரிய தைரியம். ஆனால் திசை சரிதான். அடிக்கடி பார்க்காத உறவு அன்போடுதான் வாங்குகிறது, ஆனால் குருட்டுத்தனமாக வாங்குகிறது. அந்த இடத்தில் நீங்கள் தரும் ஒரு தகவல் உதவிதான்.

அப்புறம் ஏன் கேட்பதற்குக் கூசுகிறது? கூச வேண்டிய இடம் ஒன்று நிஜமாகவே இருக்கிறது, அதனால்தான். பரிசு என்பது கொடுப்பவர் தாமாகக் கொடுப்பது. ‘கொடுக்காமலும் இருக்கலாம்’ என்ற வாய்ப்பு அவர் கையில் இருக்கும் வரைதான் அதற்குப் பரிசு என்று பெயர். அந்த வாய்ப்பை நம் பேச்சு பிடுங்கிவிட்டால் மிச்சமிருப்பது பில். நீங்கள் எந்த வார்த்தையில் கேட்டாலும், அனுப்புவதற்கு முன் இதைச் சோதித்துப் பாருங்கள்: இதைப் படித்த பிறகும் அவர் சங்கடமில்லாமல் வேறு ஒன்றை வாங்கலாமா? எதுவும் வாங்காமல் வெறும் கையோடு வரலாமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் நீங்கள் சொன்னது தகவல். ‘இல்லை’ என்றால் அது வசூல்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. சில வருடங்களுக்கு முன் வீடு மாறியபோது, எல்லோரும் “என்ன வேணும், என்ன வேணும்” என்று கேட்டதால், ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தேன். ஒன்பது பொருட்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் லிங்க் வைத்து, “வாங்குகிறவர்கள் பக்கத்தில் பெயர் போட்டுவிடுங்கள்” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் ஆறு பெயர் விழுந்தது. எனக்கு ஒரே பெருமை. விழுந்த ஆறும் சின்னப் பொருட்கள்: சுவர்க் கடிகாரம், மேஜை விரிப்பு, கால் மிதியடி. இளவட்டங்கள் கையில் எப்போதும் போன் இருக்கிறது, கட்டுப்படியானதை முதலில் பிடித்துவிட்டார்கள். என் சின்ன அத்தை ராத்திரி ஒருமுறைதான் போனைத் திறப்பார். அவர் திறக்கும்போது மிச்சமிருந்தவை வாக்குவம் கிளீனர், ஒரு புத்தக அலமாரி, ஒரு மின்விசிறி. பென்ஷனில் வாழ்கிறவர்.

அவர் குழுவில் எதுவும் எழுதவில்லை. வந்தார், சிரித்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கிளம்பிவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பெட்டிகளை ஒழுங்குபடுத்தும்போது, எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோடு ஒட்டி ஒரு செய்தித்தாள் பொட்டலம். உள்ளே அவர் கையால் தைத்த இரண்டு தலையணை உறைகள், ஓரத்தில் நீல நூலில் சங்கிலித் தையல். பெயர் எழுதவில்லை. யார் கையிலும் கொடுக்காமல், மற்றவர்களின் பெட்டிகளுக்குப் பின்னால் அவர் மறைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் பட்டியல் போட்டதால் அவருக்கு அது ‘பட்டியலில் இல்லாத பொருள்’ ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு பலர் சேர்ந்திருக்கும் குழுவில் நான் பட்டியல் போட்டதே இல்லை. பட்டியலே தப்பு என்று சொல்ல வரவில்லை. கல்யாணத்துக்குப் பரிசுப் பட்டியலைக் கடையிலேயே பதிந்துவைக்கும் பழக்கம் நூறு வருடம் பழையது; சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடை 1924ல் இதைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். மணப்பெண் தனக்குப் பிடித்த பீங்கான், வெள்ளிச் சாமான் வகையைச் சொல்லிவைத்தால், வாங்க வருகிறவர்கள் ஒன்றோடொன்று சேரும்படி வாங்கலாம் என்பதுதான் யோசனை. அதிலும் அந்த ஊர் மரியாதை விதி என்ன தெரியுமா? அழைப்பிதழில் பரிசைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. விருந்தினர் யாரிடமாவது விசாரித்தால், அப்போது சொல்ல வேண்டும். பட்டியல் இருக்கலாம், ஆனால் அது தேடி வருகிறவருக்குத்தான் கிடைக்க வேண்டும், எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. ஆன்லைன் விருப்பப் பட்டியல்களுக்கும் இதே நியாயம்தான். அவற்றில் ஒரு நல்ல வசதி உண்டு: ஒருவர் வாங்கிவிட்டால் அது அடுத்தவருக்குத் தெரியும், பல தளங்களில் பட்டியல் போட்டவருக்கு மட்டும் தெரியாது. கேட்டவர்களுக்குத் தனித்தனியாக லிங்க் அனுப்புங்கள். பட்டியலில் பாதிக்கு மேல் சின்ன விலையில் இருக்கட்டும், கடைசியாகத் திறப்பவருக்கும் நான்கைந்து சின்னப் பொருள் மிச்சமிருக்கும்படி.

இனி கீபோர்டு. இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது: விவரமும் விலையும்.

விவரத்தை எடுத்துக்கொள்வோம். “கீபோர்டு வேணுமாம்” என்று மட்டும் சொன்னால், கம்ப்யூட்டர் கீபோர்டு வருவதற்கும் வாய்ப்பு உண்டு. சிரிக்காதீர்கள், எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு வந்தது, அதுவும் கலர் கலராக விளக்கு எரிவது. வாசிக்கும் கீபோர்டு என்று புரிந்துகொண்டாலும், பொம்மைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் சின்னக் கட்டைகள் வைத்த 37 கீ கருவி. கற்றுக்கொள்ளப் போகிற பையனுக்கு அது உதவாது. முழு அளவுக் கட்டைகளோடு 61 கீ, அதாவது ஐந்து ஸ்தாயி, அழுத்துவதற்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறைகிற வகை என்றால் சில வருடம் ஓடும். இந்த வித்தியாசம் உங்கள் நாத்தனாருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இப்படித் தப்பாக வாங்கினால் பயன்படாமலே போகிற பொருளுக்கு மாடல் பெயர் வரை சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அளவு, மாடல், எந்தச் சாதனத்தோடு சேரும் என்பதெல்லாம் முக்கியமான பொருட்களில் முழு விவரம் சொல்லுங்கள்.

மற்றவற்றில் அவ்வளவு நெருக்க வேண்டாம். சட்டை என்றால் அளவை மட்டும் சொல்லுங்கள், “இப்ப பத்து வயசு சைஸ்தான் சரியா இருக்கு, வேகமா வளர்றான்” என்று. நிறமும் டிசைனும் அவர் பாடு. புத்தகம் என்றால் “விண்வெளி பத்தி எதுவும் படிப்பான்” என்ற அளவில் நிறுத்துங்கள். கொடுப்பவருக்குத் தாம் தேர்ந்தெடுத்தோம் என்று நினைத்துக்கொள்ள ஒரு மூலையாவது வேண்டும். நீலமா சிவப்பா என்பதைக்கூட நீங்களே முடிவு செய்துவிட்டால், அவர் உங்களுக்குப் பொருளை எடுத்துவரும் டெலிவரி ஆள் ஆகிவிடுகிறார்.

விலைச் சிக்கல் இதைவிடப் பெரியது. கீபோர்டு ஒருவரிடம் கேட்கும் விலையில் இல்லை. நான் வைத்திருக்கும் கணக்கு இது: அவர் வழக்கமாக எவ்வளவில் பரிசு தருகிறாரோ அந்த அளவுக்குள், முடிந்தால் கொஞ்சம் கீழே. இன்னொரு பக்கக் கணக்கும் உண்டு. பரிசைப் பற்றி 1925ல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், அதில் மூன்று கடமைகள் இருக்கின்றன என்றார்: கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது. நம் வீடுகளில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லோர் மனதிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. நாளைக்கு அண்ணன் மகளுக்கு நீங்கள் எந்த அளவில் செய்ய முடியுமோ அந்த அளவில்தான் இன்றைக்கு அண்ணனிடம் கேட்க வேண்டும்.

விலை உயர்ந்ததைத் தந்தால்தான் மதிப்பு என்ற பயம் கொடுப்பவருக்குத்தான் அதிகம். கேப்ரியல் ஆடம்ஸ், ஃபிரான்சிஸ் ஃப்ளின் இருவரும் 2009ல் வெளியிட்ட ஆய்வில், கொடுத்தவர்கள் தங்கள் பரிசின் விலை ஏற ஏற பெறுபவர் மேலும் மகிழ்வார் என்று நம்பினார்கள். வாங்கியவர்களின் மகிழ்ச்சிக்கும் விலைக்கும் அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லை. அதனால் சின்னதைக் கேட்டால் அவரைக் குறைத்து மதிப்பிடுகிறோமோ என்று நீங்கள் தயங்க வேண்டாம். சின்னதைக் கேட்டால் அவருக்கு நிம்மதி.

கீபோர்டை வாங்கியே ஆக வேண்டும் என்றால் கூட்டாக வாங்குவதுதான் வழி. அதில் மூன்று விஷயம். பணம் சேர்ப்பவர் நீங்களோ உங்கள் கணவரோ ஆகக் கூடாது. உங்கள் அண்ணன் போல ஒருவர் முன்வந்தால் மட்டும் செய்யலாம். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கக் கூடாது. முடிந்ததைப் போடட்டும், யார் எவ்வளவு போட்டார்கள் என்பது சேர்ப்பவரைத் தாண்டிப் போகக் கூடாது, உங்களுக்கும்தான். அட்டையில் எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில், போட முடியாதவர் பெயரும் சேர்த்து. மொத்தம் குறைந்தால் மிச்சத்தை நீங்கள் சத்தமில்லாமல் போட்டுவிடுங்கள். “இன்னும் கொஞ்சம் குறையுது” என்று இரண்டாவது சுற்று வசூல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பணம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “பணமா குடுத்துடுங்க” என்று நாமாகச் சொல்வது காதுக்கு நன்றாக இல்லை, எவ்வளவு நெருக்கமானாலும். ஆனால் அவரே “பணமா குடுத்துடவா? எனக்கு இதெல்லாம் வாங்கத் தெரியாது” என்றால் மறுக்காதீர்கள். “சரி அத்தை, அவன் கீபோர்டுக்குச் சேர்க்கிறான், அதில் போட்டுக்கிறோம்” என்று ஒரு பெயர் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதும் அவருக்கு முதலில் காட்டுங்கள். பெயர் இல்லாத பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும், கொடுத்தவருக்கு அது தெரியும்.

சொல்லும் விதத்துக்கு வருவோம். உடனே பதில் சொல்லாதீர்கள் என்பது என் பழக்கம். “என்ன வாங்கட்டும்?” என்று கேட்ட நொடியில் மாடல் நம்பரோடு பதில் வந்தால், காத்துக்கொண்டே இருந்த மாதிரி இருக்கும். “நீங்க வந்தாலே போதும்” என்று ஒருமுறை சொல்லுங்கள். அது பொய்யாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அவர் விடாமல் “இல்ல, சொல்லு” என்றால் அப்போது சொல்லுங்கள். இரண்டாவது முறை கேட்பவர் நிஜமாகவே கேட்கிறார். முதல் முறையோடு விட்டுவிடுகிறவருக்கு ஏற்கெனவே மனதில் ஒன்று இருக்கிறது, அல்லது அவர் உபசாரத்துக்குக் கேட்டார். இரண்டும் தப்பில்லை.

சொல்லும்போது இரண்டு மூன்று தேர்வு சொல்லுங்கள், விலை வெவ்வேறாக. கடைசியில் ஒரு கதவைத் திறந்து வையுங்கள். “அண்ணா, கேட்டதால சொல்றேன். கதைப் புத்தகம்னா உயிரை விடுவான், இல்லைன்னா வரையறதுக்கு கலர் பென்சில். நீங்க வேற ஏதாவது நினைச்சு வச்சிருந்தா அதையே வாங்குங்க.” இந்தக் கடைசி வரிதான் முழுப் பேச்சையும் காப்பாற்றுவது. யாரிடம் எதைச் சொன்னீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கும் நாத்தனாருக்கும் ஒன்றையே சொல்லிவிட்டு மறுபடி மூன்று கலர் பென்சில் பெட்டி வந்தால் சொந்தக்காரர்களைக் குறை சொல்ல முடியாது.

புகுந்த வீட்டுப் பக்கம் உங்கள் கணவர் பேசட்டும். இது பயந்து ஒதுங்கும் விஷயம் இல்லை. அதே வாக்கியம் தம்பி வாயிலிருந்து வந்தால் “இவனுக்கு எப்பவும் இப்படித்தான்” என்று சிரிப்பில் போகும். தம்பி மனைவி வாயிலிருந்து வந்தால் மூன்று நாள் ஆராய்ச்சி நடக்கும். அநியாயம்தான், ஆனால் ஒரு பிறந்தநாளை வைத்து அதைத் திருத்த முடியாது. நாத்தனார் நேராக உங்களிடமே கேட்டிருந்தால் மட்டும், நீங்களே சொல்லுங்கள். “அவர்கிட்ட கேட்டுக்கோங்க” என்று திருப்பிவிட்டால் அதுவும் ஒரு மாதிரி இருக்கும்.

கேட்காதவர்களிடம் பேச்சையே எடுக்காதீர்கள் என்றேன். ஒரு விலக்கு உண்டு. ‘வேண்டும்’ என்பதைக் கேட்டால்தான் சொல்லலாம். ‘வேண்டாம்’ என்பதைக் கேட்காமலும் சொல்லலாம், அதற்குக் காரணம் இருந்தால். குழந்தைக்கு ஒவ்வாத பொருள், வீட்டில் வைக்க இடமில்லாத பொருள், உயிருள்ள பொருள். பெரியப்பா ஒரு நாய்க்குட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு வரப்போகிறார் என்று காதில் விழுந்தால் மரியாதை பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே போன் போடுங்கள்.

பையனையும் இதில் சேர்க்க வேண்டும். எட்டு வயதில் அவனுக்கு மாமாவிடம் போனில் “எனக்கு கீபோர்டு வாங்கிட்டு வா” என்று சொல்வது சாதாரணம். அந்த நேரத்தில் போனைப் பிடுங்கித் திட்டினால், மாமாவுக்கும் சங்கடம், அவனுக்கும் ஆசைப்படுவதே குற்றம் என்று பதியும். போன் வைத்த பிறகு ஒரே கேள்வி கேளுங்கள்: “மாமா கேட்டாரா, நீயா சொன்னியா?” இரண்டு மூன்று தடவை இதைக் கேட்டால் பிடித்துக்கொள்வார்கள். ஆசையைச் சொல்வது வேறு, ஆர்டர் போடுவது வேறு என்பதைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

சரி, சொல்லியும் வேறு வந்தால்?

வரும். அதுவும் நெருக்கமானவர்களிடமிருந்துதான் வரும். மார்கன் வார்டு, சூசன் ப்ரோனியார்சிக் இருவரும் 2016ல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். பட்டியல் கையில் இருந்தும் அதை ஒதுக்கிவிட்டுத் தாங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தள்ளியிருக்கும் நண்பர்களைவிட நெருங்கிய நண்பர்களிடம் அதிகமாக இருந்தது. காரணம் அலட்சியம் இல்லை. பட்டியலில் இருப்பதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், எனக்கும் உனக்கும் இருக்கும் நெருக்கம் அதில் எங்கே தெரியும் என்ற எண்ணம். உங்கள் அண்ணன் நீங்கள் சொன்ன கலர் பென்சிலை விட்டுவிட்டு, சின்ன வயதில் நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டு விளையாடிய மாதிரி ஒரு போர்டு கேம் வாங்கி வந்தால், அவர் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதே வருடம் ஜெஃப் கேலக், ஜூலியன் கிவி, எலனோர் வில்லியம்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை இன்னொரு கோணத்தைப் பிடித்தது. கொடுப்பவர் மனதில் ஓடுவது பெட்டியைப் பிரிக்கும் அந்த நிமிடம். பரிசைப் பெறுபவர் நினைப்பது அதற்குப் பிந்தைய மாதங்கள். மூன்று ரிமோட் கார் வாங்கியவர்களும் பையன் ‘ஐ!’ என்று துள்ளுவதைத்தான் மனதில் பார்த்தார்கள். அந்த ‘ஐ’ அவர்களுக்குக் கிடைத்துவிட்டது என்றால் அவர்கள் கணக்கு முடிந்தது. அதன் பிறகு பேட்டரி மாற்றுவது உங்கள் கணக்கு.

அதனால் கையில் வாங்கும் நிமிடத்தில் “நான் கேட்டது இது இல்லையே” என்ற முகம் வேண்டாம். வாய் சொல்லாவிட்டாலும் முகம் சொல்லிவிடும், ஜாக்கிரதை. பில்லைக் கேட்காதீர்கள். “பிடிக்கலைன்னா மாத்திக்கோ, பில் உள்ளயே இருக்கு” என்று அவரே சொன்னால் மாற்றிக்கொள்ளலாம், மாற்றியதையும் சொல்லலாம். அளவு சரியில்லாத சட்டைக்கு மட்டும், பெரும்பாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், “ரொம்பப் பிடிச்சிருக்கு, ஒரு சைஸ் பெருசு கிடைக்குமா” என்று விசாரிக்கலாம். இரண்டாவது ரிமோட் கார் வந்தால், ஏற்கெனவே வந்ததை அவர் கண்ணில் படாமல் உள்ளே வையுங்கள். பிறகு அதை வேறு குழந்தைக்குத் தருவதானால் பெட்டிக்குள் பழைய வாழ்த்து அட்டை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தந்தவருக்கே சுற்றி வராதபடியும்.

நன்றி சொல்வதில் ஒன்று மட்டும். கேட்டு வாங்கிய பரிசுக்குச் சாதாரணப் பரிசைவிட ஒரு படி கூடுதலாக நன்றி கடமைப்பட்டிருக்கிறோம். அவர் ஊகிக்கும் சந்தோஷத்தை நமக்காக விட்டுக்கொடுத்தார் இல்லையா. வந்த அன்று சொல்லும் நன்றி எல்லோரும் சொல்வது. ஒரு மாதம் கழித்து, பையன் அந்தப் புத்தகத்தைத் தலைகீழாகப் படுத்துக்கொண்டு படிக்கிற மாதிரி ஒரு போட்டோ, கீழே ஒரு வரி. நான் பார்த்தவரை அடுத்த தடவையும் “என்ன வேணும்?” என்று தயங்காமல் கேட்பவர்கள் அந்தப் போட்டோ கிடைத்தவர்கள்தான்.

“பரிசு எதுவும் வேண்டாம், வந்தால் போதும்” என்று சொல்லிவிடலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. சொல்லலாம். பாதிப் பேர் எப்படியும் கொண்டுவருவார்கள். அதை எல்லோர் முன்னாலும் பிரித்தால், உங்கள் சொல்லை மதித்து வெறும் கையோடு வந்தவர்கள்தான் நெளிவார்கள். வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள்.

உங்கள் மூவருக்கு வருகிறேன். அண்ணனிடம் மனம்விட்டுப் பேச முடியும் என்றால் கீபோர்டு விஷயத்தை அவரிடம் சொல்லுங்கள், கூட்டாக வாங்கும் யோசனை அவர் வாயிலிருந்து வருகிறதா பாருங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு, கதைப் புத்தகம், கலர் பென்சில் என்று இறங்கிவிடுங்கள். நாத்தனார் சட்டை எடுப்பதில் ஆசை உள்ளவர் போலத் தெரிகிறது; அளவை மட்டும் அனுப்புங்கள், “போன தடவை நீங்க எடுத்த நீலச் சட்டை பத்தாம போன பிறகும் கழட்ட மாட்டேங்கிறான்” என்பது உண்மையாக இருந்தால் அதையும் சேர்த்து.

சித்தப்பாவிடம் கீபோர்டு பேச்சே வேண்டாம். அவருக்கு எழுத வேண்டாம், போன் பண்ணுங்கள். பையன் படிக்கிற மேஜைக்கு ஒரு விளக்கு வேண்டும், கண்ணைக் கூசாமல் இருக்க வேண்டும், எது நல்லது என்று உங்களுக்குத்தான் தெரியும் சித்தப்பா என்று சொல்லுங்கள். ஆளுக்குத் தெரிந்த தொழிலில் ஒன்றைக் கேட்டால் அவர் கடையில் போய் முழிக்க வேண்டியதில்லை. அநேகமாக அவர் நல்லதாக ஒன்றைப் பார்த்து வாங்கி, வீட்டில் வைத்துப் பிரித்து, கடைக்காரன் போட்ட ஒயர் சரியில்லை என்று அதை மாற்றிவிட்டுத்தான் எடுத்துவருவார். மாற்றட்டும், விடுங்கள்.